தாங்கும் என்றேன்

அந்தத் தம்பி கேட்டது ஒரே கேள்வி. "அண்ணே, தாங்குமா?" நான் சொன்னது ஒரே வார்த்தை. "தாங்கும்." வண்டி போய்த் திரும்பியும் வந்துவிட்டது, அவரும் லீவு முடிந்து துபாய்க்குப் போய்விட்டார். எனக்கு மட்டும் அந்த வார்த்தை மீன் முள் மாதிரி இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

வண்டி அவர் வாப்பாவுடையது. என்ஃபீல்டு ஃப்யூரி 175. 1980களில் வந்த டூ ஸ்ட்ரோக், ஜெர்மனியின் சுண்டாப் கம்பெனி டிசைன், முன்னால் டிஸ்க் பிரேக். லீவரைப் பிடித்தால் பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் மட்டும் வண்டியோடு வந்தது இல்லை. எப்போதோ யாரோ வேறு வண்டியிலிருந்து கழற்றி மாட்டியிருக்கிறார்கள். அலுமினியத்தில் உடம்பு, அதன் மேல் ஆயில் நிற்கிற பிளாஸ்டிக் டப்பா, இரண்டுக்கும் நடுவே கசியாமல் இருக்க ஓ ரிங் என்கிற ஒரு ரப்பர் வளையம்.

பிரேக் ஆயில் கசிகிறது என்றுதான் கொண்டு வந்தார். டப்பா மூடி வழியாகத்தான் கசிகிறது என்று முதலில் நினைத்தேன். கோட்டுக்கு மேலே பிரேக் ஆயிலை ஊற்றிவிட்டு, கசிகிறது என்று வருகிறவர்கள் நிறையப் பேர். துடைத்துவிட்டு, சுற்றிலும் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, லீவரைப் பிடித்துப் பிடித்து விட்டேன். பத்து நிமிடத்தில் டப்பாவின் அடியில், விளிம்பை ஒட்டி, நகக்கண் அளவுக்குப் பவுடர் நனைந்தது. அதற்கு நேர் கீழே டேங்கில் பெயிண்ட் கொப்பளித்து, தோல் உரிகிற மாதிரி உரிந்திருந்தது. டப்பாவைக் கழற்றினால், ரிங் உருண்டையாகவே இல்லை. சப்பையாகி, நகத்தால் நெம்பினதும் இரண்டு துண்டாக வந்தது.

பிரேக் ஆயில், பிரேக் ஆயில் என்று சொல்லியே பழகிவிட்டோம். அது ஆயில் இல்லை. டாட் 3, டாட் 4 என்று தரம் போட்டு வருவதெல்லாம் கிளைக்கால் என்கிற ரசாயன வகை. தண்ணீரோடு கலக்கும், காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்கும். புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி வரைக்கும் கொதிக்கக் கூடாது என்பது கணக்கு. ஈரம் இழுத்துவிட்டால் அந்தக் கணக்கே 140க்கு இறங்கிவிடும். நம் உப்புக்காற்றில் இதைச் சும்மா விடக் கூடாது. ரப்பர் விஷயமும் அப்படித்தான். பெட்ரோல், டீசல், இஞ்சின் ஆயிலுக்குத் தாங்குகிற நைட்ரைல் ரப்பர் பிரேக் ஆயிலில் ஊறினால் உப்பி இளகிவிடும். அதற்கு ஈபிடிஎம் ரப்பர்தான் வேண்டும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. என் பையனுக்கே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

ஆனால் அது சனிக்கிழமை சாயங்காலம். சரியான ரிங்குக்கு மதுரையில் சொல்லிவிட்டால் திங்கட்கிழமைதான் வரும். அவர்கள் குடும்பமே ஞாயிறு காலையில் வேன் பிடித்துத் தனுஷ்கோடிக்குக் கிளம்புகிறது. "வாப்பா மட்டும் வேன்ல வரமாட்டேங்கிறாகண்ணே. இந்த வண்டியிலதான் போகணுமாம், பின்னாடி உக்காந்துக்கிறேங்கிறாக. 64 புயலுக்கு முன்னாடி சின்னப் பிள்ளையில பாத்த ஊராம்."

போட் இஞ்சினுக்கு வாங்கி வைத்த ஓ ரிங் டப்பாவைக் கொட்டித் தேடினேன். ஒன்று அச்சாகப் பொருந்தியது. நைட்ரைல். போட்டேன். பிரேக் ஆயில் ஊற்றி, குழாயில் நின்ற ஏரை எடுத்து, டேங்கின் மேல் தண்ணீர் விட்டுக் கழுவி, அரைமணி நேரம் பார்த்தேன். பவுடர் நனையவில்லை. அப்போதுதான் அவர் கேட்டார்.

நான் சொன்னது பொய் இல்லை என்று இன்றைக்கும் வாதாட முடியும். டப்பாவுக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கிற ரிங்கில் பிரஷர் ஏறாது. லீவரைப் பிடித்தால் அழுத்தம் எல்லாம் உள்ளே ஆயிலைத் தள்ளுகிற பிஸ்டனின் வாஷருக்கு முன்னால்தான். டப்பா வெறும் தண்ணித்தொட்டி மாதிரி. ரிங் உப்பினால் முதலில் இன்னும் இறுக்கமாகத்தான் உட்காரும். கசிந்தாலும் சொட்டுச் சொட்டாகக் கசியும், பிரேக் பட்டென்று போகாது. பின்னால் டிரம் பிரேக் வேறு இருக்கிறது. ஒரு நாள் பயணம். இதையெல்லாம் யோசித்துத்தான் சொன்னேன்.

சரி, அப்படியானால் இதையெல்லாம் அவரிடம் ஏன் சொல்லவில்லை? "வந்ததும் கொண்டு வாங்க தம்பி, வேற ரிங் மாத்திக்குவோம்" என்று மட்டும் சொன்னேன். ஏன் மாற்ற வேண்டும் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வாப்பாவை வேனில் ஏற்றியிருப்பார். இளகின ரப்பரிலிருந்து துணுக்கு பிய்ந்து, உள்ளே ஊசிமுனை அளவில் இருக்கிற ஓட்டையை அடைத்தால் ஆயில் திரும்பி வராது, பிரேக் விடாமல் பிடிக்கும். அது பாம்பன் பாலத்தில் நடந்தால்? 1988இல் திறந்த அந்தப் பாலத்தில், கீழே ரயில் பாலத்தைப் பார்க்க எவன் எங்கே வண்டியை நிறுத்துவான் என்று சொல்ல முடியாது. காற்று வேறு பக்கவாட்டில் தள்ளும். ஞாயிறு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. ராத்திரி எட்டு மணிக்கு அவர் ஃபோன் பண்ணி, "வந்துட்டோம்ணே, வாப்பாவுக்கு ரொம்ப சந்தோசம்" என்றார்.

திங்கட்கிழமை சரியான ரிங் வந்தது. மேசை டிராயரில் போட்டேன். அவர் வரவில்லை. அவர் நம்பர் என்னிடம் இருந்தது. இதை எந்தப் பக்கம் திருப்பினாலும் நியாயம் கிடைக்கவில்லை. சனிக்கிழமையாவது அவசரம். இது என்ன?

பன்னிரண்டு நாள் கழித்து அவராகவே வந்தார். ஒரு சொட்டுக் கசியவில்லை. "நீங்க சொன்ன மாதிரியே தாங்கிருச்சுண்ணே." கழற்றினேன். ரிங் பள்ளத்தை விட்டுப் பிதுங்கி, பிசுபிசுவென்று இருந்தது. நகத்தை வைத்து அழுத்தினால் தடம் அப்படியே நின்றது. புது ரிங்கின் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே சைஸ் என்று யாரும் நம்பமாட்டார்கள். அதை அவரிடம் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். அவர் ஃபோனில் தனுஷ்கோடி படத்தைக் காட்டிக்கொண்டிருந்தார், வாப்பா இடிந்த சர்ச்சுக்கு முன்னால் வண்டி மேல் கை வைத்து நிற்கிறார். ரிங்கைக் கழிவுத்துணியில் சுருட்டிவிட்டு, மாஸ்டர் சிலிண்டரை முழுக்கப் பிரித்துக் கழுவிப் புது ரிங் போட்டேன். அதற்குக் காசு வாங்கவில்லை. ஏன் வாங்கவில்லை என்று கேட்டார். அதற்கும் பதில் சொல்லவில்லை.

அந்தப் பழைய ரிங் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அவர் வாப்பா வெள்ளிக்கிழமைகளில் அதே வண்டியில் கடையைத் தாண்டிப் போவார், கையைத் தூக்குவார். நான் முதலில் பார்ப்பது ஹேண்டில்பாருக்குக் கீழே டேங்க் பெயிண்டை. அப்புறம்தான் கையைத் தூக்குகிறேன்.