பீட்டிலின் இரண்டு விளக்குகளுக்காகக் கொஞ்சம் வக்காலத்து

என் பழைய வோக்ஸ்வாகன் பீட்டில் காரில் முதல் முறை ஏறுகிறவர்கள் டேஷ்போர்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, இஞ்சின் சூட்டைக் காட்டும் மீட்டர் எங்கே என்று கேட்கிறார்கள். அப்படி ஒன்று இல்லை என்றால் முகத்தில் ஒரு பரிதாபம் வருகிறது. வண்டிக்காகவா, அதை வைத்திருக்கும் எனக்காகவா என்று தெரியவில்லை. 1965ஆம் ஆண்டு மாடல், 1192 சிசி, 6 வோல்ட் மின்சாரம். வேகமானி ஒன்று, பக்கத்தில் பெட்ரோல் அளவு காட்டும் சின்ன முள் ஒன்று. அந்த முள்ளே 60களின் தொடக்கத்தில்தான் வந்தது; அதற்கு முன் பெட்ரோல் தீர்ந்து வண்டி இழுக்கத் தொடங்கியதும் காலால் ரிசர்வ் குழாயைத் திருப்ப வேண்டும். இஞ்சினைப் பற்றிச் சொல்வதற்கென்று வேகமானியின் முகத்திலேயே இரண்டு விளக்குகள் இருக்கின்றன. சிவப்பு, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவுக்கு; பச்சை ஆயில் அழுத்தத்துக்கு.

இரண்டும் வெப்பநிலையை அளப்பதில்லை. ஆனாலும் வெப்பத்தைப் பற்றி இந்தக் காரில் வரும் மிக அவசரமான செய்தி அந்தச் சிவப்பு விளக்கில்தான் வருகிறது.

பீட்டிலின் இஞ்சின் பின்புறம் இருக்கிறது; அதைக் குளிர்விப்பது தண்ணீரல்ல, காற்று. அந்தக் காற்றை அடிக்கும் விசிறி டைனமோவின் தண்டிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. இரண்டையும் சுற்றுவது ஒரே ஃபேன் பெல்ட். பெல்ட் அறுந்தால் டைனமோ நிற்கும், விசிறியும் கூடவே நிற்கும். விளக்கின் ஒரு முனை சாவி வழியாக பேட்டரியிலிருந்து வருகிறது, மறுமுனை டைனமோவுக்குப் போகிறது. டைனமோ மின்சாரம் தரும்வரை இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே வோல்ட்டேஜ். விளக்கு எரியக் காரணமில்லை. டைனமோ நின்றதும் ஒரு பக்கம் விழுகிறது, விளக்கு எரிகிறது. தனி சென்சார் கிடையாது. சார்ஜ் ஆவதைக் காட்ட வைத்த விளக்கு, விசிறி நின்றுவிட்டதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. அதுவும் சூடு ஏறுவதற்கு முன்பே. தெர்மாமீட்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இஞ்சின் சூடான பிறகுதான் பேசும்.

ஃபியட் 500இலும் டைனமோ தண்டில்தான் விசிறி, அதே கதைதான். சிட்ரோயன் 2சிவியில் மட்டும் இந்தக் கவலையே இல்லை. அங்கே விசிறி இஞ்சினின் முக்கியச் சுழல்தண்டான கிராங்க் தண்டின் முனையிலேயே முடுக்கப்பட்டிருக்கிறது. பெல்ட் இல்லாததால் அறுவதற்கும் ஒன்றுமில்லை. இஞ்சின் ஓடினால் விசிறி ஓடும். இதைவிட நல்ல எச்சரிக்கை ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

செவ்ரோலெட் கோர்வேர் காரில் இன்னொரு வழி பார்த்தார்கள். ஒரு விளக்கில் ஜெனரேட்டரும் விசிறியும், மற்றொன்றில் வெப்பநிலையும் ஆயில் அழுத்தமும். இரண்டாவது விளக்கு எரிந்தால் சூடா, அழுத்தமா என்று ஓட்டுநருக்குத் தெரியாது. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது குறையாகப் படவில்லை. இரண்டில் எதுவானாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஓரமாக நிறுத்தி இஞ்சினை அணைக்க வேண்டும். எது என்பதை நின்ற பிறகு விசாரித்துக்கொள்ளலாம்.

என் நண்பர் ஒருவர் பழைய போர்ஷே 911 வைத்திருக்கிறார். அவருடைய டேஷ்போர்டில் ஐந்து வட்டங்கள். ஆயிலின் சூடு, அழுத்தம், அளவு மூன்றுக்கும் தனித்தனி முள். போர்ஷே அதை அலங்காரத்துக்கு வைக்கவில்லை. அந்த இஞ்சினுக்கு ஆயில் தனித் தொட்டியில் இருக்கிறது. என் வண்டியில் இரண்டரை லிட்டர் என்றால் அவருடையதில் அதைப்போல் மூன்று நான்கு மடங்கு. சூட்டில் கணிசமான பங்கை ஆயில்தான் சுமந்து போகிறது என்றே சொல்லலாம். அப்படிப்பட்ட இஞ்சினில் முள் இல்லாமல் ஓட்டுவது கண்மூடித்தனம். ஆனால் அளவு காட்டும் முள்ளை அவர் நம்புவது, இஞ்சின் நன்றாகச் சூடாகி, சமதரையில், ஐடிலில் நிற்கும்போது மட்டும். மற்ற நேரங்களில் அது தன்போக்கில் எங்கோ நிற்கும். புதிதாக வாங்குகிறவர்கள் ஓடும் வண்டியில் அந்த முள் கீழே கிடப்பதைப் பார்த்துப் பதறி ஆயிலை ஊற்றி நிரப்பிவிடுவதாகச் சொல்லிச் சிரிப்பார். அதற்கு முந்தைய போர்ஷே மாடலான 356இல் ஆயில் சூட்டுக்கு ஒரு முள் இருந்தது, பச்சைப் பட்டையும் சிவப்புப் பகுதியும் போட்டு. பச்சையில் இருந்தால் போ, சிவப்புக்குப் போனால் நிதானி. ஏறக்குறைய விளக்கின் பேச்சையே முள்ளைக் கொண்டு பேச வைத்திருக்கிறார்கள்.

இனி என் விளக்குகளுக்குத் தெரியாதவற்றையும் சொல்ல வேண்டும். இல்லையென்றால் வக்காலத்து பொய்யாகிவிடும்.

பெல்ட் நன்றாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே இஞ்சின் வேகலாம். பின்புற மூடிக்குள் மறந்துவிட்ட துணி விசிறியின் வாயில் போய் ஒட்டிக்கொள்ளலாம். நீண்ட நாள் நின்ற வண்டியின் விசிறிக் கூட்டுக்குள் எலி கூடு கட்டியிருக்கலாம். காற்றைத் திறந்து மூடும் மடல்கள் சிக்கி, மூடியபடியே நின்றிருக்கலாம். இஞ்சினைச் சுற்றியுள்ள தகரங்களில் ஒன்றை யாரோ ஒரு மெக்கானிக் வேலைக்கு இடைஞ்சல் என்று கழற்றி எறிந்திருக்கலாம். தகரத்துக்கும் உடலுக்கும் இடையிலுள்ள ரப்பர் பட்டை உதிர்ந்துபோய், கீழே வெளியேறிய சுடுகாற்று மறுபடி மேலே ஏறி விசிறிக்குள் போகலாம். இந்த ரப்பரைத்தான் நான் எந்தப் பழைய பீட்டிலிலும் முதலில் பார்க்கிறேன். பளபளவென்று பெயின்ட் அடித்து, குரோமியம் துடைத்து வைத்த வண்டிகளில்கூடப் பாதிக்கு அது இருப்பதில்லை. இவை எதுவும் சிவப்பு விளக்குக்குத் தெரியாது. டைனமோ சுற்றுகிறதா, சுற்றுகிறது. அதோடு அதன் வேலை முடிந்தது.

பச்சை விளக்கு கொஞ்சம் கூடுதலாக அறியும். ஆயில் சூடேறினால் இளகும், இளகினால் அழுத்தம் இறங்கும். வெயில் நாளில் நீண்ட தூரம் வேகமாக ஓட்டிவிட்டு சிக்னலில் நிற்கும்போது பச்சை லேசாக மினுக்கினால், ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும் அணைந்தால், பயப்பட ஒன்றுமில்லை. ஓடும்போது மினுக்கினால் அது வேறு செய்தி. ஆனால் விளக்கைப் போடும் சுவிட்ச் மிகத் தாழ்ந்த அழுத்தத்தில்தான் மூடுகிறது, ஏறக்குறைய 0.3 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). SAE 30 தடிமன் கொண்ட ஆயில் 70 டிகிரியில் இருக்கும்போது, நிமிடத்துக்கு 2500 சுற்றில் குறைந்தது 2 பார் வேண்டும் என்பது தொழிற்சாலைக் கணக்கு. இந்த இரண்டுக்கும் நடுவில் பேரிங் தேய்ந்து இஞ்சின் மெல்ல மெல்லச் சாகலாம். விளக்கு கடைசி நாள்வரை மௌனமாக இருக்கும். முள்ளின் கட்சிக்காரர்கள் இந்த ஒரு வாதத்தில் என்னை வாய்திறக்க விடுவதில்லை. நியாயம்தான்.

அதனால் நானும் இரண்டு மானிகள் பொருத்தியிருக்கிறேன். ஆயில் வெப்பநிலைக்கு ஒன்று, சிலிண்டரின் தலைப்பகுதியான சிலிண்டர் ஹெட்டின் வெப்பநிலைக்கு ஒன்று. ஆயில் மானிக்கு 6 வோல்ட்டில் ஓடும் ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஹெட் மானிக்கு அந்தத் தொல்லை இல்லை. ஸ்பார்க் பிளக்கின் அடியில் வாஷர்போல உட்காரும் தெர்மோகப்பிள் வளையம், அதிலிருந்து இரண்டு கம்பி, மறுமுனையில் முள். இருவேறு உலோகங்கள் சேரும் இடத்தின் சூட்டில் பிறக்கும் மிகச் சிறிய வோல்ட்டேஜே முள்ளைத் தள்ளுகிறது. பேட்டரியே வேண்டாம்; 6 வோல்ட்டா, 12 வோல்ட்டா என்று அதற்குக் கவலையில்லை. இதே காரணத்தால் கம்பியை விருப்பம்போல் வெட்டிச் சுருக்கவும் கூடாது; நீளம் மாறினால் தடை மாறும், முள் பொய் சொல்லும்.

வேறு ஒரு பொய்யும் உண்டு. தெர்மோகப்பிள் காட்டுவது இரு முனைகளுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே. மலிவான மானிகள் காருக்குள் இருக்கும் முனை 24 டிகிரியில் இருப்பதாக எடுத்துக்கொண்டு கோடு போட்டிருக்கும். வெயிலில் டேஷ்போர்டுப் பக்கம் 44 டிகிரியாக இருந்தால் முள் 20 டிகிரி குறைத்துக் காட்டும். அதாவது வெயில் கொளுத்தும் நாளில், நமக்கு அது மிகவும் தேவைப்படும் நேரத்தில், ஆறுதல் சொல்லும். இதைச் சரிசெய்துகொள்ளும் மின்னணு வகைகள் கிடைக்கின்றன. நான் மனக்கணக்கிலேயே கூட்டிக்கொள்கிறேன்.

வளையத்தை மூன்றாவது சிலிண்டரில் போட்டேன். என் வண்டிக் காலத்து இஞ்சின்களில் ஆயில் கூலர் விசிறிக் கூட்டுக்குள்ளேயே, அந்தச் சிலிண்டருக்கு மேலே நிற்கிறது. கூலரைத் தொட்டுச் சூடான காற்றுதான் மூன்றாவதற்குக் கிடைக்கிறது. 1971 மாடலிலிருந்து கூலரை வெளியே தள்ளித் தனிக் காற்றுவழி கொடுத்தார்கள். அதுவரை மூன்றாவது சிலிண்டர்தான் வீட்டின் மூத்த மருமகள். எல்லாச் சுமையும் அதன் தலையில்.

இரண்டு முட்களும் ஒரே வண்டியைப் பற்றிப் பேசுவதுபோலவே இருக்காது. மேட்டில் ஏறத் தொடங்கியதும் ஹெட் முள் உடனே எழுந்துவிடும், உச்சியைத் தாண்டி இறங்கும்போது அதே வேகத்தில் விழும். ஆயில் முள் அப்போதுதான் சோம்பல் முறித்துக்கொண்டு ஏறத் தொடங்கும். ஆயில் 80லிருந்து 100 டிகிரிக்குள் இருந்தால் நான் அதைப் பார்ப்பதே இல்லை. 110இல் கவனிப்பேன், 120ஐ நெருங்கினால் வேகத்தைக் குறைப்பேன். ஹெட் முள் 200ஐத் தாண்டி அங்கேயே நிற்கத் தொடங்கினால் கியரை இறக்குவேன்.

கியரை இறக்குவதுதான் ஹெட் மானி எனக்குக் கொடுத்த உருப்படியான பாடம். நான்காவது கியரில் இஞ்சினை முனக வைத்துக்கொண்டு மேடு ஏறினால் வண்டிக்கு அலுங்காமல் போகிறோம் என்று தோன்றும். விசிறியின் வேகம் இஞ்சினின் வேகத்தோடு கட்டப்பட்டது. சுற்று குறைந்தால் காற்றும் குறையும், பாரமோ அப்படியே இருக்கும். மூன்றாவதற்கு மாற்றினால் இஞ்சின் சத்தம் போடுகிறது, முள் இறங்குகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளிடம் இதைக் காட்டினேன். "அப்பா, கத்தினால் குளிர்ந்துபோகுமா?" என்றாள். இந்த இஞ்சின் அப்படித்தான்.

எண்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஆயில் சூட்டை டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) வழியே அளப்பது, அடித் தட்டில் அளப்பது, அழுத்த சுவிட்ச் இருக்கும் வழியில் அளப்பது என்று இடத்துக்கு இடம் எண் மாறும். ஆகவே இன்னொருவர் 95 என்று சொல்வதை வைத்து உங்கள் 108ஐப் பார்த்துக் கலங்குவதில் அர்த்தமில்லை. உங்கள் வண்டி, உங்கள் சென்சார், நீங்கள் வழக்கமாகப் போகும் சாலை. அதில் வழக்கமாக முள் எங்கே நிற்கிறது என்பது மட்டுமே பயன்படும். வழக்கத்துக்கு மேல் ஏறினால் தேடத் தொடங்கலாம்: ஸ்பார்க் டைமிங், பெட்ரோல்-காற்றுக் கலவை, தகரம், ரப்பர், மடல்.

கெட்டுப்போகும் விதத்திலும் முள் கொஞ்சம் நயவஞ்சகம்தான். பெரும்பாலான ஆயில் சென்சார்களில் சூடு ஏற ஏறத் தடை குறையும். கம்பி அறுந்தால் தடை எல்லையற்றதாகிவிடும், முள் குளிர்ந்த பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஓடும் வண்டியில் யாருக்கும் சந்தேகம் வராது. விளக்கின் கம்பி அறுந்தாலும் அது எரியாது என்பது உண்மைதான். ஆனால் சாவியைத் திருப்பும் ஒவ்வொரு முறையும், இஞ்சின் ஓடுவதற்கு முன், இரண்டு விளக்குகளும் எரிந்து தங்கள் வருகையைப் பதிவு செய்கின்றன. எரியவில்லை என்றால் நான் வண்டியை எடுப்பதில்லை.

அழுத்த மானி மட்டும் வைக்கவில்லை. அதற்கு இஞ்சின் உடலிலுள்ள சுவிட்சைக் கழற்றி, பித்தளை இணைப்பு ஒன்றைப் போட்டு, அதில் கனமான சென்சாரைத் தொங்கவிட வேண்டும். அதிர்வில் இணைப்பு விரிசல் விட்டால் ஆயில் முழுவதும் சாலையில். முடுக்கும் திருகு கூம்பு வடிவம், உடலோ மெக்னீசியக் கலவை. அளவுக்கு மேல் இறுக்கினால் உடலே பிளக்கும். வளையும் குழாய் போட்டு சென்சாரை வேறு இடத்தில் நிறுத்தினால் ஆபத்து குறையும். பேரிங் தேய்மானம் தெரிய வேண்டுமானால், சர்வீஸின்போது தற்காலிகமாக ஒரு மானியை மாட்டிப் பார்த்துவிட்டுக் கழற்றிவிடுகிறேன்.

புதிதாக இப்படி ஒரு வண்டி வாங்கி, முதலில் எந்த மானி என்று கேட்பவர்களை நான் முதலில் பெல்ட்டுக்கு அனுப்புகிறேன். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய 15 மில்லிமீட்டர் உள்ளே போக வேண்டும். அதிகம் போனால், பெல்ட் ஓடும் டைனமோ புல்லியின் இரண்டு பாதிகளுக்கும் நடுவிலிருந்து ஒரு வாஷரை எடுத்து வெளியே போட வேண்டும். எடுத்ததைத் தொலைக்காமல் புல்லியின் வெளிப்பக்கம் நட்டுக்கு அடியிலேயே மாட்டிவைத்தால் அடுத்த பெல்ட்டுக்கு உதவும். முன்புற டிக்கியில் ஒரு புதிய பெல்ட்டும் புல்லி நட்டுக்குரிய 21 மில்லிமீட்டர் ஸ்பேனரும் இருக்கட்டும். பிறகு ரப்பர் பட்டை. மானிக்கான காசு மிஞ்சினால் ஆயில் வெப்பநிலை, அதற்கும் பிறகு ஹெட்.