இலையும் சிறகும் தாங்கிய சீட்டுகள்: சேகரிப்பு நாட்குறிப்பு

ஜனவரி 11

புதிதாக வந்த சிறுவர் சீட்டுக்கட்டுகளை இன்று பிரித்து அடுக்கினேன். நான்கு சீட்டு சேர்ந்தால் ஒரு குடும்பம் என்று ஆடும் வகையே இவற்றில் அதிகம். இத்தகைய கட்டுகள் பலவற்றில் ஒவ்வொரு சீட்டிலும் அதன் குடும்பத்தைச் சேர்ந்த மற்ற மூன்றின் பெயர்களும் அச்சிடப்பட்டிருப்பதால், பெட்டி தொலைந்துபோன பழைய கட்டிலும் எந்தச் சீட்டு குறைகிறது என்பதை எளிதில் கண்டுகொள்ளலாம். ஆந்தைக் குடும்பத்தில் கூகை மட்டும் இல்லை.

ஜனவரி 18

மீன்கொத்திச் சீட்டு ஒன்றை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தேன். வெறும் கண்ணுக்கு ஒரே நீலமாகத் தெரியும் சிறகு, கண்ணாடிக்குள் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகளாகச் சிதறி, அவை சின்னஞ்சிறு வட்டங்களாக ஒழுங்காகக் கூடியிருந்தன. இது நான்கு வண்ண ஆஃப்செட் அச்சின் அடையாளம். கல்லச்சில் அடித்த பழைய சீட்டில் இந்த ஒழுங்கு இராது. அங்கே வண்ணம் மணல் தூவியதுபோல் சீரற்றுப் படிந்திருக்கும்.

பிப்ரவரி 2

இயற்கைப் படங்கள் சீட்டாட்டத்துக்குப் பின்னாளில் வந்து சேர்ந்த அலங்காரம் என்று பலர் எண்ணுகிறார்கள். பதினைந்தாம் நூற்றாண்டிலேயே, பெயர் தெரியாத ஒரு ஜெர்மானியச் செதுக்கோவியர் பூக்களையும் பறவைகளையும் மான்களையும், ஸ்பேட், ஹார்ட் போல, சீட்டின் இனங்களாகவே அமைத்திருக்கிறார்.

ஜப்பானின் ஹனஃபுடா என்னும் சீட்டுக்கட்டு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அதன் 48 சீட்டுகளும் பன்னிரண்டு மாதங்களுக்கு நான்கு வீதம் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு மாதமும் ஒரு செடியால் குறிக்கப்படுகிறது: ஜனவரிக்குப் பைன், மார்ச்சுக்குச் செர்ரி, அக்டோபருக்கு மேப்பிள். மரபான சீட்டில் எண் எதுவும் இல்லாததால், இலையையும் பூவையும் இனங்காணத் தெரியாதவரால் அந்த ஆட்டத்தை ஆடவே முடியாது. இன்று வீடியோ விளையாட்டுகளுக்குப் பெயர்பெற்ற நின்டெண்டோ 1889ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டதே இச்சீட்டுகளைத் தயாரிப்பதற்காகத்தான். ஹனஃபுடா குழந்தைகளுக்கென்று பிறந்ததன்று என்பது உண்மையே. ஆயினும் சிறுவர் கட்டுகளை மதிப்பிட எனக்கு அளவுகோலாக இருப்பது அதுதான். படம் ஆட்டத்தின் விதியாக இருக்கிறதா, அல்லது எண்ணுக்குப் பின்னால் வெறும் ஒப்பனையாக நிற்கிறதா என்றே முதலில் பார்க்கிறேன். சிறகின் ஒரு புள்ளியால் மட்டும் வேறுபடும் இரு வண்ணத்துப்பூச்சிகளைப் பிரித்தறிந்து ஜோடி சேர்க்கும் குழந்தை, ஆட்டத்தில் வெல்வதற்காகவே உற்றுப் பார்க்கப் பழகிவிடுகிறது.

பிப்ரவரி 9

ஒரு கட்டில் பனிக்கரடியும் பென்குயினும் ஒரே பனிப்பாறையில் நிற்கின்றன. இயற்கையில் ஒன்றையொன்று சந்திக்கவே வாய்ப்பில்லாத இரண்டும்! அதே கட்டில் சிலந்தியின் கால்கள் வயிற்றிலிருந்து முளைக்கின்றன. உண்மையில் எட்டுக் கால்களும் உடலின் முன்பகுதியோடுதான் இணைந்திருக்கும். வண்ணம் எவ்வளவு அழகாக இருந்தாலும், உயிரைப் பார்க்காமல் வரைந்த சீட்டைக் குழந்தையின் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பிப்ரவரி 23

பி.வி.சி. உறைகளை அகற்றிவிட்டுப் பாலிப்ரொப்பிலீன் உறைகளுக்கு மாற்றினேன். பி.வி.சி.யை நெகிழ வைக்கச் சேர்க்கும் பொருள் நாளடைவில் கசிந்து அச்சு மையைக் கெடுக்கும். ரப்பர் வளையமும் கூடாது. அது விளிம்பை வெட்டி, பின்னர் இறுகி ஒட்டிக்கொள்ளும். இராமபாணப் பூச்சி அண்டாதிருக்க ஈரமில்லாத அலமாரி வேண்டும்.

மாற்றும்போது மரங்கள் பற்றிய கட்டில் ஒரு புதுமையைக் கண்டேன். தொலைந்த ஆலமரச் சீட்டுக்குப் பதிலாக யாரோ ஒரு குழந்தை தடித்த அட்டையை அதே அளவில் வெட்டி, கிளையிலிருந்து தரைவரை இறங்கும் விழுதுகளைப் பென்சிலால் ஒவ்வொன்றாக வரைந்து, கீழே குடும்பத்தின் மற்ற மூன்று மரங்களின் பெயர்களையும் எழுதியிருக்கிறது. பிரித்து வைக்கலாம் என்பார்கள் சேகரிப்பாளர்கள். நான் அதை அதன் இடத்திலேயே செருகி, பட்டியலில் அந்தக் கட்டை முழுமையானது என்று பதிந்துகொண்டேன்.