இரண்டாம் வட்டம் ஒருவழியாக வந்துவிட்டது

கொரியக் கன்பூசிய அறிஞர் இ ஹ்வாங் 1568-இல் மன்னர் சொன்ஜோவிடம் அளித்த, கன்பூசியப் போதனையைச் சுருக்கிச் சொல்லும் பத்துப் படங்களையும் தூரிகையால் பிரதி எடுக்க உட்கார்ந்தவன், இன்னும் முதல் படத்திலேயே கிடக்கிறேன். ஆனாலும் இந்த வாரம் அதன் இரண்டாம் வட்டம் மை கசியாமல் வந்துவிட்டது. கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன்.

அந்த முதல் படம் சீனச் சிந்தனையாளர் சோ துன்யீயின் தைஜி (எல்லாவற்றுக்கும் மூலமான பரம்பொருள்) படம். அதன் உச்சியிலுள்ள வெற்று வட்டம் தொல்லை தராது. அடுத்ததுதான் உயிரை எடுக்கும். ஒன்றனுள் ஒன்றாக மூன்று வளையங்கள், நட்டநடுவே செங்குத்துப் பிளவு. இடப்பக்கம் வெள்ளை, கறுப்பு, வெள்ளை. வலப்பக்கம் அதற்கு நேர்மாறு. மையத்தில் பொட்டளவு வெறுமை. பிளவுக்கோட்டைத் தாண்டி மை ஒரு நூல் ஊறினாலும் கறுப்பான யின்னும் வெள்ளையான யாங்கும் சேர்ந்து சாம்பல் திட்டாகிவிடும். தச்சர்கள் காய்ச்சும் வஜ்ஜிரத்தை நீர்க்கக் கரைத்து, படிகாரம் சேர்த்து, தாளின் இருபுறமும் பூசி, நிழலில் உலர்த்தியதும் ஊறல் நின்றது. விளிம்பை ரூலிங் பேனாவால் இழுத்துவிட்டு உள்ளிருந்து வெளியே நிரப்ப வேண்டும். வெளியிலிருந்து தொடங்கினால் மை விளிம்பில் தேங்கும்.

தாள் விஷயத்தில் எச்சரிக்கை. கையால் செய்த கொரியத் தாள் என்று ஓர் இணையக் கடை எனக்கு அனுப்பியது வெறும் மரக்கூழ். நனைத்துக் கிழித்தால் நீண்ட நாரே இல்லை.

எந்தத் திசையில் வரைவது என்பது பழைய சண்டை. சீனக் கன்பூசிய அறிஞர் சூ ஷீ மேலிருந்து கீழாகப் படித்தார்: தைஜி, யின்-யாங், ஐந்து மூலகங்கள், உயிர்கள். சீனாவின் சிங் அரசமரபுக் காலத்து அறிஞர் ஹுவாங் சோங்யான், இது தாவோயிசத்தாரின் உள்ரசவாதப் (உடலுக்குள் உயிர்ச்சக்தியைப் புடம்போடும் பயிற்சி) படம், அவர்கள் கீழிருந்து மேலே ஏறினார்கள் என்று போட்டுடைத்தார். நானும் ஒரு தாளில் கீழிருந்து ஏறிப் பார்த்தேன். மணிக்கட்டு ஈர மையில் புரண்டது. என் ஓட்டு சூ ஷீக்கே, தத்துவக் காரணம் எதுவும் இல்லாமல்.

என் நினைப்பு என்னவோ மனித மனத்தைப் பற்றிய ஆறாம் படத்துக்கே ஓடுகிறது. அதன் மேல்பகுதி சீனாவின் யுவான் அரசமரபுக் காலத்து அறிஞர் செங் ஃபூஷினுடையது. கீழிரண்டும் இ ஹ்வாங்கே வரைந்தவை. இரக்கம் போன்ற நான்கு நல்லுணர்வு முளைகளில் லி (நியதி) எழ, ச்சி (உயிர்ச்சக்தி) பின்தொடர்கிறது. ஏழு உணர்ச்சிகளில் ச்சி எழ, லி அதன்மேல் ஏறிக்கொள்கிறது. இளைய அறிஞர் கி தேசுங்குடன் இ ஹ்வாங் 1559 முதல் கடிதங்களில் மல்லுக்கட்டித் திருத்தித் திருத்தி எட்டிய வாசகம் அது. பின்னால் வந்த கொரிய அறிஞர் யுல்கோக் முதல் பாதியை ஏற்கவில்லை. இத்தனை வாதத்தையும் ஒரு வட்டத்துக்குள் பொடி எழுத்தில் அடைக்க வேண்டும். மெல்லிய தூரிகை ஒன்று இப்போதே வாங்கி வைத்தாயிற்று.

முதல் படத்தில் ஐந்து மூலகங்களை இணைக்கும் கோடுகள் பாக்கி. நீரிலிருந்து மரத்துக்குப் போகும் கோடு குறுக்கே வெட்டுகிறது, அதை இன்னும் தொடவில்லை. இவற்றை மடிப்புத்திரையாக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று இ ஹ்வாங் மன்னரிடம் சொன்னாராம். எனக்கும் அதே ஆசை. சட்டத்துக்கு அளவு கேட்டுத் தச்சர் விரட்டுகிறார். முதல் படமே முடியாமல் என்ன அளவைச் சொல்வது?