கண்ணாடிக்குச் சட்டை போட்ட கார்கள்

பெர்லினில் இறங்கிய மாலை என் கண்ணில் முதலில் பட்டது ஒரு டாக்ஸி. பக்கக் கண்ணாடிகள் இரண்டுக்கும் ஜெர்மன் தேசியக் கொடியின் கருப்பு, சிவப்பு, பொன்மஞ்சள் நிறத்தில் துணிச் சட்டை மாட்டியிருந்தார்கள், கைக்குழந்தைக்குக் குல்லா போட்ட மாதிரி. அடுத்த சிக்னலில் இன்னொரு கார், ஜன்னலில் செருகிய குட்டிக் கொடி படபடக்க நின்றது. 2024 ஜூன் கடைசி வாரம். யூரோ கோப்பைக் கால்பந்து ஜெர்மனியிலேயே நடந்துகொண்டிருந்தது.

"சீசன்ல வந்திருக்க மச்சான்," என்றான் அத்தை மகன். பதினோரு வருடமாக அங்கே இருக்கிறான். "ஆகஸ்ட்ல வந்திருந்தா கவர்மென்ட் கட்டடத்தைத் தவிர வேற எங்கயும் இதைப் பார்க்குறதே கஷ்டம்."

ஆகஸ்ட் என்றாலே சட்டைப் பையில் கொடி குத்திக்கொண்டு மிட்டாய்க்கு வரிசையில் நின்றவன் நான். இதை எப்படி நம்புவது? (நம் ஊரிலும் 2002-க்கு முன்னால் தனி ஆள் நினைத்த நாளிலெல்லாம் வீட்டில் தேசியக் கொடி ஏற்றிவிட முடியாது. ஆனால் நம்மைத் தடுத்தது விதி. இங்கே யாரும் தடுக்கவில்லை, இவர்களாகவே கூச்சப்படுகிறார்கள்.)

சூப்பர் மார்க்கெட்டில் பீர் பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே கொடி, மாலை, தொப்பி, கன்னத்தில் பூசிக்கொள்ள மூன்று நிறச் சாயக் குச்சி என்று அடுக்கியிருந்தார்கள். மூன்று யூரோவுக்கு ஒரு கொடி வாங்கி வந்து பால்கனிக் கம்பியில் கட்டினேன். மறுநாள் காலை மாடிப்படியில் கீழ்வீட்டு அம்மையார் எதிரே வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை, எழுபதை நெருங்குகிற வயது.

"மேட்ச்சுக்காகத்தானே?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனாலும் நான் தலையாட்டும் வரை வழி விடவில்லை.

அன்று சாயங்காலம் காபிக்கு அழைத்தார். மேற்கு ஜெர்மனியில் வளர்ந்தவர். அவர் சின்ன வயதில் கொடி என்பது தபால் நிலையம், நகராட்சி மாதிரி இடங்களில் பறக்கும் ஒரு பொருள், அவ்வளவுதான். வீட்டில் ஏற்றுகிறவரைப் பற்றி அக்கம்பக்கம் கிசுகிசுக்குமாம். நான் எனக்குத் தெரிந்த வரலாற்றை எடுத்து வைத்தேன். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் 1933-இலேயே இந்த மூன்று நிறத்தைத் தூக்கி எறிந்துவிட்டாரே, அப்புறம் இதன் மேல் என்ன பழி? ஹிட்லருக்கு முன்பிருந்த ஜனநாயக ஆட்சியான வைமார் குடியரசு காலத்தில் வலதுசாரிகள் இந்தப் பொன்மஞ்சளைக் 'கடுகு' என்று கேலி செய்தார்களாமே, அவர்கள் வெறுத்த கொடியை நீங்கள் ஏன் தள்ளி வைக்கிறீர்கள்?

"நிறத்தின் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை," என்றார். "கூட்டமாகக் கொடி பிடித்தால்தான் பயம். எந்தக் கொடியாக இருந்தாலும்."

ஜெர்மனியிலேயே நடந்த 2006 உலகக் கோப்பையில்தான் அந்தக் கூச்சம் உடைந்தது. ஒரு மாதம் நாடே கொடியும் கையுமாகத் தெருவில் இருந்தது. தன் மாணவர்கள் கன்னத்தில் மூன்று கோடு போட்டுக்கொண்டு வகுப்புக்கு வந்த அன்று திட்டுவதா சிரிப்பதா என்று தெரியவில்லையாம். அரையிறுதியில் இத்தாலியிடம் தோற்ற பிறகும் யாரும் கொடியைக் கீழே போடாததைப் பார்த்துத்தான் அவருக்குப் பயம் கொஞ்சம் தணிந்திருக்கிறது. ஜெர்மானியர்கள் அந்தக் கோடைகாலத்துக்கு 'கோடைக்கால தேவதைக் கதை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆனால் கால்பந்து முடிந்ததும் கதையும் முடிந்துவிடுகிறது. 2013 தேர்தல் வெற்றி மேடையில் சொந்தக் கட்சிப் பொதுச்செயலாளர் கையிலிருந்த குட்டிக் கொடியை அன்றைய ஆட்சித் தலைவர் (சான்சலர்) மெர்க்கல் வாங்கி ஓரமாகக் கொடுத்துவிட்டுத் தலையாட்டும் காட்சி இன்னும் இணையத்தில் சுற்றுகிறது. ஆட்சித் தலைவரே அந்த மேடையில் அந்தக் கொடி வேண்டாம் என்று நினைத்திருக்கிறார்!

இன்னொரு நாள் நொய்கோல்ன் பகுதியின் சொனன்அலேயில் ஷவர்மா சாப்பிடப் போனோம். கடைப் பலகையெல்லாம் அரபு எழுத்து. 2010 உலகக் கோப்பையின்போது இதே தெருவில் லெபனானிலிருந்து வந்து குடியேறிய கடைக்காரர் ஒருவர் பல மாடி உயரத்துக்கு ஜெர்மன் கொடியைத் தொங்கவிட்டார். அதைக் கிழித்தவர்கள் தேசியவாதத்தை எதிர்க்கும் இடதுசாரி இளைஞர்கள். அவர் மறுபடி தொங்கவிட்டார். வந்தேறி என்று சிலர் சொல்லக்கூடிய மனிதர் 'இது என் கொடி' என்கிறார், அங்கேயே பிறந்தவர்கள் 'வேண்டாம், எடு' என்கிறார்கள். ஷவர்மா ஆறும் வரை அத்தை மகனும் நானும் இதையே பேசிக்கொண்டிருந்தோம். என் ஓட்டு கடைக்காரருக்குத்தான்.

நாடாளுமன்றத்துக்கு எதிரே பறக்கும் பெரிய கொடியையும் பார்த்தேன். 60 சதுர மீட்டர். இரண்டு ஜெர்மனியும் ஒன்றான 1990 அக்டோபர் 3 நள்ளிரவில் ஏற்றியது. 2020 ஆகஸ்டில் கொரோனாக் கட்டுப்பாடுகளை எதிர்த்து வந்த கூட்டத்தில் ஒரு பகுதி இந்தக் கட்டடத்தின் படிகளில் ஏறியபோது அவர்கள் கையில் இருந்த, தீவிர வலதுசாரிகள் தூக்கிப் பிடிக்கும் பழைய பேரரசின் கருப்பு-வெள்ளை-சிவப்புக் கொடிதான் ஊரையே உலுக்கியது. பழைய கொடி வெளியே வந்தால் புதிய கொடிக்கும் சேர்த்துச் சந்தேகம் வந்துவிடுகிறது.

ஜூலை 5, ஸ்பெயினோடு காலிறுதி. பிராண்டன்பர்க் வாயில் முன்னால் சாலையிலேயே செயற்கைப் புல் விரித்திருந்தார்கள். 89-ஆவது நிமிடம் ஜெர்மனி சமன் செய்ததும் முன்பின் தெரியாத ஒருவர் என்னைத் தூக்கிச் சுற்றினார். கூடுதல் நேரம் முடியப்போகிற 119-ஆவது நிமிடம் ஸ்பெயின் கோல். கூட்டம் அப்படியே வாயடைத்துப் போனது. மறுநாள் காலை எதிர் வரிசைப் பால்கனிகளில் பாதிக்கு மேல் வெறுமை. நானும் முடிச்சை அவிழ்த்தேன். கீழ்வீட்டு அம்மையார் வாசலிலிருந்து அண்ணாந்து பார்த்துக் கையசைத்தார்.

விமானம் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து. ஒரு நாள் கையில் இருந்ததால் மான்ஹைம் வழியாக நோய்ஸ்டாட் போய், திராட்சைத் தோட்டங்களுக்கு மேலே இருக்கிற ஹாம்பாக் கோட்டைக்கு ஏறினேன். இந்தப் பயணத்தில் ஒரே ஓர் இடம்தான் பார்க்கலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். 1832 மே 27 அன்று, அப்போது இடிந்து கிடந்த இந்தக் கோட்டைக்கு இருபதாயிரம், முப்பதாயிரம் பேர் ஏறி வந்தார்கள். பத்திரிகைச் சுதந்திரம் வேண்டும், ஒன்றுபட்ட நாடு வேண்டும் என்று கேட்டார்கள். அரசியல் கூட்டத்துக்குத் தடை இருந்ததால் 'திருவிழா' என்று சொல்லித்தான் கூடினார்கள். கையில் கருப்பு, சிவப்பு, பொன்மஞ்சள். நாட்டை இழந்து தப்பி வந்த போலந்துக்காரர்களின் கொடியும் பக்கத்திலேயே பறந்தது. சில வாரங்களிலேயே அந்த நிறங்களை அணியவும் தடை வந்தது.

அன்றைய கொடி ஒன்று கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. நடுவில் 'ஜெர்மனியின் மறுபிறப்பு' என்று எழுதிய, வெளிறிப்போன துணி. அன்றைக்குத் திருவிழா என்று சாக்குச் சொல்லிக் கொண்டுவந்தார்கள், இன்றைக்குக் கால்பந்து. காவலாளி மூடும் நேரம் என்று சொல்லும் வரை அங்கேயே நின்றிருந்தேன்.

மதுரையில் பெட்டியைப் பிரித்தபோது துணிகளுக்கு நடுவிலிருந்து என் மூன்று யூரோக் கொடி விழுந்தது. அம்மா எடுத்து விரித்துப் பார்த்தார்.

"இது எந்தக் கட்சிடா? முதல்ல உள்ள வை, யாராவது பார்க்கப் போறாங்க."