லெந்து நாட்களில் உபாகமம்

5 மார்ச் 2025, சாம்பல் புதன்

சென்ற ஆண்டு வரை, உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு முந்திய நோன்பு நாட்களாகிய லெந்து காலம் எனக்கு இறைச்சியை விலக்குவதோடு முடிந்துவிடும். இந்த ஆண்டு விலக்கவேண்டியது என் சட்டைப்பையில் இருக்கிறது. இரண்டரை ஆண்டுகளாகக் கைப்பேசியில் பணம் வைத்து ரம்மி ஆடிவந்தேன். போனது 3 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய். என் மனைவியின் இரண்டரைப் பவுன் சங்கிலியும் அதில் அடக்கம். அது இன்னும் அடகுக்கடையில்தான் இருக்கிறது. ஜனவரிக் கடைசியில் அவளிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அதற்குப் பிறகும் இரண்டு முறை ஆடினேன், அதைச் சொல்லவில்லை. இன்று காலை கோயிலுக்கு நடந்து போகும்போது அதையும் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் சற்றுத் தூரம் முன்னால் நடந்தாள். கோயில் வாசலில் நின்று நான் வரும்வரை காத்திருந்தாள்.

வேதத்தை எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது என்று யோசித்தபோது, வாலிப நாட்களில் கேட்ட ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. வனாந்தரத்தில் இயேசு மூன்று முறை சோதிக்கப்பட்டார். மூன்று முறையும், மோசே இஸ்ரவேலருக்குச் சொன்ன கட்டளைகளின் புத்தகமாகிய உபாகமத்திலிருந்தே பதில் சொன்னார். எட்டாம் அதிகாரத்திலிருந்து ஒரு வசனம், ஆறாம் அதிகாரத்திலிருந்து இரண்டு. நாற்பது நாள் பட்டினி கிடந்தவருக்கு அங்கே புஸ்தகச்சுருள் ஏது? உள்ளே இருந்ததுதான் வெளியே வந்தது. என் உள்ளே இருப்பது சீட்டு. ஆகவே 34 அதிகாரமுள்ள அந்தப் புத்தகத்தை நாளுக்கு ஓர் அதிகாரமாக வாசிக்கத் தீர்மானித்து, இன்று முதலாம் அதிகாரத்தை வாசித்தேன்.

7 மார்ச், வெள்ளி

வாசிக்கும் நேரம் அதிகாலை நாலரை மணி. இதற்கு ஒரு காரணம் உண்டு. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளில் நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை யாரும் உள்ளே நுழையக்கூடாது என்று தமிழக அரசின் ஆணையம் கடந்த பிப்ரவரியில் விதி கொண்டுவந்தது. ஒரு காலத்தில் நான் அதிகமாகத் தோற்ற நேரம் அதுதான். வீடு உறங்கும், விட்டதை விடிவதற்குள் பிடித்துவிடலாம் என்று மனம் அடித்துக்கொள்ளும், கண் எரிய எரிய ஆடுவேன். அரசு அடைத்துக்கொடுத்த அந்த ஐந்து மணி நேரத்தின் கடைசிப் பகுதியை ஆண்டவருக்குக் கொடுத்துவிட்டால், ஐந்து மணிக்குக் கதவு திறக்கும்போது நான் வேறோர் இடத்தில் இருப்பேன் என்று நினைத்தேன்.

சட்டத்தைப் பற்றி இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். 2022-இல் இயற்றி, 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்ற தடைச்சட்டம் ரம்மியையும் சேர்த்தே தடுத்தது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமைக்குரிய விளையாட்டுகள் என்று சொல்லி, அவற்றுக்கு அந்தத் தடை பொருந்தாது எனத் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் செய்தியை நான் வெட்டிச் சேமித்து வைத்திருந்தேன். மனசாட்சி குத்தும்போதெல்லாம் அதை எடுத்து வாசிப்பேன். நீதிபதிகள் தங்கள் முன் இருந்த வழக்கைப் பார்த்தார்கள். என் வீட்டு அரிசிப் பானையைப் பார்க்கவேண்டியவன் நான். வேதத்தைத் திறக்காத மாதங்களில் அந்தச் செய்தித் துண்டுதான் எனக்கு வேதமாக இருந்தது.

9 மார்ச், ஞாயிறு

இன்று சேகர குருவானவர் இயேசுவின் சோதனையைப் பற்றியே பிரசங்கித்தார். ‘கீழே குதியும், தூதர்கள் தாங்குவார்கள்’ என்று தேவாலயத்தின் உப்பரிகையில் பிசாசு எடுத்துச் சொன்ன வசனம் 91-ஆம் சங்கீதத்தில் இருக்கிறது என்று அவர் சொன்னபோது என் உடம்பு சிலிர்த்தது. எங்கள் வீட்டில் இரவு ஜெபத்தில் அந்தச் சங்கீதத்தைச் சொல்லாமல் படுத்ததில்லை. அம்மா கண்களை மூடிக்கொண்டே முழுவதும் சொல்லுவாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவின் பழைய வேதாகமத்தை எடுத்து இரண்டு இடங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். சங்கீதத்தில் ‘உன் வழிகளிலெல்லாம் உன்னைக் காக்கும்படி’ என்று இருக்கிறது. பிசாசு சொன்னபோது ‘உன் வழிகளிலெல்லாம்’ என்ற சொற்கள் இல்லை. அதற்கு அடுத்த வசனத்தையும் அவன் தொடவில்லை. சிங்கத்தையும் விரியன் பாம்பையும் வலுசர்ப்பத்தையும் மிதிப்பதைச் சொல்லும் வசனத்தை அவன் எப்படிச் சொல்வான்? அந்தப் பக்கத்தின் கீழ் ஓரத்தில் அம்மாவின் கட்டைவிரல் பட்ட இடம் தேங்காய் எண்ணெய் ஊறி, பின்பக்கத்து எழுத்து தெரியும் அளவுக்கு மெலிந்திருக்கிறது. அவள் அத்தனை முறை புரட்டிய பக்கம் அது. முழுச் சங்கீதமும் தெரிந்தவளிடம் பாதியை மட்டும் சொல்லி ஏமாற்றியிருக்க முடியாது. வசனம் தெரிந்தால் போதும், எங்கே இருக்கிறதென்று தேடி எடுத்துக்கொள்ளலாம் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். தேடுவதற்குச் சோதனை நேரம் தருவதில்லை.

10 மார்ச், திங்கள்

ஆறாம் அதிகாரம். ‘உங்கள் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பீர்களாக.’ இந்த ஒரு வரியைத் தாண்ட எனக்கு அரை மணி நேரமாயிற்று.

வெட்கத்தோடு எழுதுகிறேன்: நான் ஜெபித்துவிட்டு ஆடியிருக்கிறேன். ‘ஆண்டவரே, இந்த ஒரு ஆட்டத்தை மட்டும் ஜெயிக்கப்பண்ணும், கடனை அடைத்துவிட்டு இதைத் தொடமாட்டேன்’ என்று, பதின்மூன்று சீட்டு விழும் அந்தச் சில விநாடிகளில் கண்மூடி மன்றாடியிருக்கிறேன். ஜெயித்த ஒன்றிரண்டு வேளைகளில் ஸ்தோத்திரமும் சொன்னேன். பத்தில் ஒரு பங்கை எடுத்துவைத்தேன். அதையும் இரண்டு நாளில் எடுத்து ஆடினேன். இஸ்ரவேலர் வனாந்தரத்தில் மாசா என்ற இடத்தில் தண்ணீர் இல்லாமல் தவித்தபோது, கர்த்தர் எங்கள் நடுவில் இருக்கிறாரா இல்லையா என்று கேட்டார்கள். அவர்களுக்காவது தாகம் உண்மையாக இருந்தது. நான் என் பந்தயத்துக்கு அவரைப் பங்காளி ஆக்கப் பார்த்தேன். உப்பரிகையிலிருந்து குதித்துவிட்டுத் தூதர்கள் தாங்கட்டும் என்று காத்திருப்பது இதுதான் என்று இன்றைக்குத்தான் விளங்கிற்று. சூதாட்டம் பாவமா என்று வாதாடுகிறவர்களோடு இனி நான் வாதாடப்போவதில்லை. அந்த ஜெபங்களை நினைத்தாலே எனக்குப் போதும்.

19 மார்ச், புதன்

பதினைந்தாம் அதிகாரம், ஏழாம் வருஷத்தின் விடுதலை. கடன் கொடுத்தவன் தண்டாமல் விட்டுவிடவேண்டும் என்ற வரியை வாசித்தபோது மனம் சற்றே லேசானது. என் தவணைகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. இன்று மூன்றாவது தவணை கட்டினேன்.

24 மார்ச், திங்கள்

விழுந்துவிட்டேன்.

சனிக்கிழமை ஐ.பி.எல். தொடங்கியதிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் பணம் கட்டி ஆடச் சொல்லும் விளம்பரம். உரக்கடையில் கணக்கு எழுதுகிறவனுக்கு மதியம் ஒன்றரையிலிருந்து இரண்டரை வரை வேலை இல்லை. முதலாளி சாப்பிடப் போய்விடுவார். யூரியா மூட்டைகளுக்குப் பக்கத்தில் மின்விசிறியின் கீழ் நான் மட்டும் இருப்பேன். அழித்திருந்த செயலியை மறுபடியும் இறக்கினேன். 500 ரூபாய் போட்டேன். இருபது நிமிடத்தில் அது 1,150 ஆயிற்று. அங்கேயே நிறுத்தியிருக்கலாம் என்று எழுத வரவில்லை, ஏனென்றால் அங்கே நிறுத்துகிறவன் யாரும் அதை இறக்குவதில்லை. இரண்டே காலுக்கு எல்லாம் போய், மேலும் 2,000 போயிருந்தது. கல்லாவில் காலை வசூல் 18,000 ரூபாய் இருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

காலையில் வாசித்தது இருபதாம் அதிகாரம். யுத்தத்துக்குப் போகுமுன் அதிபதிகள் ஜனங்களைப் பார்த்து, புது வீட்டைக் கட்டினவன், திராட்சத்தோட்டத்தை நாட்டினவன், மணக்கப் பெண்ணை நியமித்தவன் என்று ஒவ்வொருவராகத் திரும்பிப்போகச் சொல்கிறார்கள். கடைசியில் பயங்காளியும் திடனற்றவனும் தன் வீட்டுக்குத் திரும்பிப்போகக்கடவன் என்கிறார்கள். தூக்கக் கலக்கத்தில் வாசித்து மூடிவைத்த அந்த வாக்கியம் கல்லாவுக்கு முன்னால் நின்ற வேளையில் எழுந்து வந்தது. தலைவலி என்று முதலாளிக்குப் போன் செய்தேன். அவர் வந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அந்தத் தலைவலி பொய். அதற்கும் மன்னிப்புக் கேட்கிறேன்.

மனைவி புளி கரைத்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“அப்போ மணி எத்தனை?” என்று கேட்டாள்.

“ஒன்றே முக்கால் இருக்கும்.”

“இனிமே ஒன்றரை மணிக்கு எனக்குப் போன் போடுங்க. தினமும். ஒன்னும் பேச இல்லாட்டியும் போடுங்க.”

அவ்வளவுதான் சொன்னாள். செயலியை அவளே அழித்தாள். இரவு ஒன்பது மணிக்குமேல் கைப்பேசி அரிசி டின்னுக்குள் இருக்கும் என்பதும் இன்றைய ஏற்பாடு.

28 மார்ச், வெள்ளி

இருபத்துநான்காம் அதிகாரத்தின் ஆறாம் வசனம்: திரிகையின் அடிக்கல்லையாவது மேற்கல்லையாவது அடகாக வாங்கக்கூடாது, அது ஜீவனையே அடகு வாங்குவது போலாகும். இரண்டு கல்லில் ஒன்று போனாலும் அந்த வீட்டில் அன்றைக்கு மாவு இல்லை. மாவில்லாவிட்டால் அப்பம் இல்லை. கடன் கொடுப்பவனுக்கு இட்ட கட்டளை இது. என் வீட்டிலோ கல்லைக் கழற்றி அடகுக்காரனிடம் கொண்டுபோய்க் கொடுத்தவன் நானே. அவள் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்து, ஐந்து வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்துச் செய்த சங்கிலி அது. வாங்கிக்கொண்டவர் சங்கிலியை ஒரு சிறிய மஞ்சள் கவரில் போட்டு, கவரின் மேல் என் பெயரையும் எடையையும் எழுதினார். எடையை எழுதும்போது பேனா எழுதாமல் போய், இரண்டு முறை கிறுக்கிவிட்டு மறுபடி எழுதினார். அந்தக் கிறுக்கல் இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

இந்தப் புத்தகத்தில் எங்கு திருப்பினாலும் ஏழையின் போர்வை, கூலிக்காரனின் அன்றாடச் சம்பளம், வயலில் மறந்துவைத்த அரிக்கட்டு என்று வருகிறது. விசுவாசம் என்றால் நெஞ்சுக்குள் நடப்பது என்று நினைத்திருந்த எனக்கு மோசே திரிகையைக் காட்டுகிறார்.

3 ஏப்ரல், வியாழன்

முப்பதாம் அதிகாரம். அந்தக் கட்டளை வானத்தில் இல்லை, சமுத்திரத்துக்கு அப்புறத்திலும் இல்லை; ‘உன் வாயிலும் உன் இருதயத்திலும் இருக்கிறது’ என்கிறார். வாய் முதலில் வருவதைக் கவனித்தேன். அதனால் இந்த வாரம் முழுவதும் உரக்க வாசிக்கிறேன். முணுமுணுத்து வாசிப்பதைவிட இது வேறுவிதமாக உள்ளே இறங்குகிறது. பக்கத்து அறையிலிருந்து மகள், “அப்பா, கொஞ்சம் மெதுவா” என்றாள். பொதுத்தேர்வு எழுதுகிற பிள்ளை.

இன்று மதியம் சோதனை கடுமையாக வந்தது. வாய் உலர்ந்தது, உள்ளங்கை வேர்த்தது. மணி ஒன்று இருபத்தைந்து. அவளுக்குப் போன் செய்தேன். கொத்தவரங்காய் கிலோ என்ன விலை விற்கிறது, மாடிக் குழாய் சொட்டுகிறது, பிளம்பர் வரவில்லை என்று பேசிக்கொண்டே இருந்தாள். பதினைந்து நிமிடம் ஓடிற்று. சோதனையோடுகூட அதற்குத் தப்பிக்கொள்ளும் போக்கையும் தேவன் உண்டாக்குவார் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய வார்த்தையை எத்தனையோ வருடமாக மனப்பாடமாகச் சொல்லிவந்திருக்கிறேன். அந்தப் போக்கு சொட்டுகிற குழாயைப் பற்றிய பேச்சாக வரும் என்று எண்ணியதில்லை.

7 ஏப்ரல், திங்கள்

உபாகமம் முடிந்தது. மோசே நேபோ மலையில் ஏறி, கர்த்தர் வாக்களித்த தேசம் முழுவதையும் கண்ணால் கண்டு, அதற்குள் போகாமலே மரித்துப்போகிறார். நூற்றிருபது வயதில் கண் இருளடையவில்லை, பெலன் குறையவில்லை; இருந்தும் உள்ளே போகவில்லை. வாசித்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். போன பணம் திரும்பப்போவதில்லை என்பதை இன்றுதான் அழாமல் நினைக்க முடிந்தது.

14 ஏப்ரல், திங்கள்

உபாகமத்துக்கு அடுத்த புத்தகமாகிய யோசுவா, ஏழாம் அதிகாரம். எரிகோவின் கொள்ளையிலிருந்து ஆகான் தான் திருட்டாக எடுத்ததைக் கூடாரத்தின் நடுவில் பூமிக்குள் புதைத்துவைத்தான். கண்டேன், இச்சித்தேன், எடுத்தேன் என்று அவன் சொல்லும் வரிசை என்னுடைய மார்ச் 24-தான். இன்று அரசு விடுமுறை. மாலையில் குருவானவரைப் பார்த்துக் கல்லாவின் முன் நின்றதை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். ஜெபித்தார். ஜெபித்த பிறகு, மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் ஒருமுறை போய் வரச் சொன்னார். போவதாக ஒப்புக்கொண்டேன்.

21 ஏப்ரல், திங்கள்

நேற்று உயிர்த்தெழுந்த பண்டிகை. விடியற்காலை ஆராதனைக்கு மகள் பாடற்குழுவோடு முன்னமே போய்விட்டாள். பண்டிகை முடிந்த மறுநாள் எனக்கு எப்போதும் ஆபத்தானது. கட்டுப்பாடு முடிந்துவிட்டது என்று மனம் தானாக அவிழ்ந்துகொள்ளும். பிசாசு சோதனையெல்லாம் முடித்தபின்பு ‘சிலகாலம்’ விலகிப்போனான் என்று லூக்கா எழுதியிருப்பதை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

இன்று காலையும் நாலரைக்கு எழுந்தேன். யோசுவா பதினான்காம் அதிகாரம். எண்பத்தைந்து வயதுக் காலேப், நாற்பத்தைந்து வருடம் காத்திருந்துவிட்டு, இராட்சதராகிய ஏனாக்கியர் இருக்கிற மலைநாட்டையே எனக்குத் தா என்று கேட்கிறார். வாசித்து முடித்தபோது ஐந்து அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. மதியம் அடகுக்கடையில் வட்டியோடு 6,000 ரூபாய் கட்டி ரசீது வாங்கினேன். இரவு ஒன்பதுக்கு அவள் கை நீட்டினாள், கைப்பேசியைக் கொடுத்தேன், அரிசி டின்னின் மூடி சாத்தும் சத்தம் கேட்டது.