மினிட்ஸில் ஏறாத ஆடுகள்

ஜூலை 1 முதல் எங்கள் ஊர் ரோட்டரி கிளப்புக்கு நான்தான் செயலர். பம்ப்செட் ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிறவன் தலையில் வாரா வாரம் மினிட்ஸ், அதாவது கூட்டக் குறிப்பு, எழுதும் வேலை வந்து விழுந்திருக்கிறது. "உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்குதுங்க" என்று சொல்லித்தான் பிடித்துப் போட்டார்கள். எல்லாவற்றையும் லேப்டாப்பில் டைப் அடிக்க வேண்டும் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

வியாழன் இரவு ஏழரைக்குக் கூட்டம் என்றால் ஏழே முக்காலுக்கு மணி அடிக்கும். அடிப்பவர் எங்கள் தலைவர், பல் டாக்டர் அம்மா. 1989 வரை இந்தியாவில் எந்த ரோட்டரி கிளப்பிலும் விதிப்படி பெண்கள் சேர முடியாது என்று யாராவது புதிதாக வந்தவர்களிடம் சொல்லும்போது, அந்தம்மா மணிச் சுத்தியலைக் கையில் எடுத்துச் சும்மா பார்ப்பார். பேச்சு நின்றுவிடும்.

தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்ததும் நால்வகைச் சோதனை வாசிக்க வேண்டும். உண்மையா, எல்லோருக்கும் நியாயமா, நல்லெண்ணமும் நட்பும் வளருமா, எல்லோருக்கும் நன்மையா என்று நாலே கேள்வி. ரொம்ப நாள் இதை ஏதோ சாமியார் எழுதியது என்றே நினைத்திருந்தேன். 1932-இல் சிகாகோவில் ஹெர்பர்ட் டெய்லர் என்கிற வியாபாரி, திவாலாகும் நிலையில் இருந்த பாத்திரக் கம்பெனி ஒன்றைத் தூக்கி நிறுத்த எழுதிக்கொண்டதாம். அது தெரிந்ததிலிருந்து மரியாதை கூடிவிட்டது. கூடவே தொந்தரவும். டூப்ளிகேட் பேரிங்கை எடுக்கக் கை போகும்போது முதல் கேள்வி வந்து கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றுகொள்கிறது.

அப்புறம் பிறந்தநாள், கல்யாண நாள் வாழ்த்து. அடுத்து, கூட்டத்தில் ஒழுங்கு பார்த்து அபராதம் வசூலிக்கும் சார்ஜென்ட் அண்ணன் எழுவார். ஜவுளிக்கடைக்காரர். சட்டையில் ரோட்டரி சின்னம் குத்தாமல் வந்தால் 20 ரூபாய், செல்போன் அடித்தால் 50. யார் வீட்டிலாவது நல்ல செய்தி என்றால், அதற்கும் சிரித்துக்கொண்டே ஒரு தொகை கறந்துவிடுவார்.

போன மாதம் ஒரு வியாழன், கண் சிகிச்சை முகாமுக்கு மூன்று நாள் இருக்கும்போது, ஃப்ளெக்ஸில் யார் போட்டோ எவ்வளவு பெரிதாக வர வேண்டும் என்பதற்கு மட்டும் இருபத்தைந்து நிமிடம் ஓடியது. நான் மினிட்ஸில் 'முகாம் விளம்பரம் குறித்து விரிவாக ஆலோசிக்கப்பட்டது' என்று எழுதினேன். வேறு என்ன எழுத?

தேசிய கீதம் முடிந்து, ஃபெல்லோஷிப்பில் இட்லியும் கேசரியும் முடிந்து, கீழே பைக்குகளுக்குப் பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் முகாம் வேலையே ஆரம்பித்தது. பள்ளிக்கூடச் சாவி யாரிடம்? கிராமங்களுக்கு மைக் கட்டிப் போகும் ஆட்டோ எது? வாட்டர் கேன், எலுமிச்சை சாதம், பாயை யார் கொண்டுவருவது? பத்தேகால் மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு வரிகூட மினிட்ஸில் இல்லை.

2016-இல் ரோட்டரி விதியைத் தளர்த்தி, மாதத்துக்கு இரண்டு கூட்டம் போதும் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் இளவட்டங்களும் அதைத்தான் கேட்கிறார்கள். எனக்கு மனசில்லை. கூட்டத்துக்காக இல்லை, இந்த பைக் ஸ்டாண்டுக்காக. 1905-இல் ரோட்டரியைத் தொடங்கிய பால் ஹாரிஸும் கூட்டாளிகளும் சுழற்சி முறையில், அதாவது ரொட்டேஷனில், ஒவ்வொருவர் ஆபீஸிலும் கூடியதால்தான் ரோட்டரி என்று பேர் வந்தது. அவர்களும் படியிறங்கி வாசலில் நின்றுதான் பேசியிருப்பார்கள் என்பது என் ஊகம்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கே வரிசை நின்றுவிட்டது. நான் சேர்ந்த புதிதில் போலியோ சொட்டு மருந்து ஞாயிறுகளில் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து, குழந்தைகளின் இடது சுண்டுவிரலில் மை வைத்திருக்கிறேன். இந்தியாவில் கடைசி போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில், ஹவுராவில். அந்தக் குழந்தைகள் சொட்டு மருந்துக்கு அழுதார்கள். இந்தப் பெரியவர்கள் ஆபரேஷன் என்றதும் நழுவப் பார்த்தார்கள்.

142 பேர் வந்தார்கள். 31 பேருக்குக் கண்புரை ஆபரேஷன். இன்னும் சிலருக்குப் புரை இருந்தும், சர்க்கரை எகிறிக் கிடந்ததால் அடுத்த முகாமுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். மத்தியானம் ஆஸ்பத்திரி பஸ் புறப்பட வேண்டும். ஒரு பாட்டி மட்டும் படியில் கால் வைக்க மாட்டேன் என்கிறார்.

"பட்டியில அஞ்சு ஆடு நிக்குதுங்க சாமி. மூணு நாளைக்கு ஆரு பாப்பாங்க?"

டாக்டர் சொல்லிப் பார்த்தார், தலைவர் சொல்லிப் பார்த்தார். ஓ.இ. நூல் மில் வைத்திருக்கிற எங்கள் ஆள் ஒருவர், வருடம் முழுக்கக் கூட்டத்தில் வாயே திறக்காதவர், பஸ் பக்கம் வந்து, "நான் பாத்துக்கறனுங்க ஆத்தா. எந்தூரு?" என்றார். பாட்டி அவரை மேலும் கீழும் பார்த்தார். புரை விழுந்த கண்ணுக்கு என்ன தெரிந்ததோ, ஏறிவிட்டார்.

மில் வாட்ச்மேனை அனுப்பிவைப்பார் என்று நினைத்தேன். காலையும் மாலையும் இவரே காரில் தழை கட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

புதன் மாலை பஸ் திரும்பியது. பாட்டியை அவரே வீட்டில் கொண்டுபோய் விட்டார். கறுப்புக் கண்ணாடியோடு பட்டிக்குள் எட்டிப் பார்த்த பாட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டு, மறுபடியும் எண்ணிவிட்டு, "அஞ்சுதான் உட்டுப்போட்டுப் போனேன், ஆறு தெரியுது. ஆபரேசன் சரியா பண்ணலீங்களா?" என்றாராம். சினை ஆடு செவ்வாய் ராத்திரி குட்டி போட்டிருந்தது.

மறுநாள் கூட்டத்தில் இதைச் சொல்லிவிட்டு, நல்ல செய்திக்கு என்று அவராகவே 100 ரூபாயை நீட்டினார். சார்ஜென்ட் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, வருகிற வாரம் பிறந்தநாள் பட்டியலில் குட்டியையும் சேர்க்கச் சொல்லி என்னைப் பார்த்தார். பேர் கேட்டேன். இன்னும் வைக்கவில்லையாம்.