மாடித்தோட்டப் படம்: ஒரு தாய் வட்டமும் 36 குளோன்களும்

மொட்டை மாடி 20 அடிக்கு 15 அடி. குரோ பேக்குகளை எப்படி வைத்தால் நடக்க வழி மிஞ்சும் என்று பார்க்க இங்க்ஸ்கேப் என்ற வரைபட மென்பொருளில் படம் போட உட்கார்ந்தேன். 1 மி.மீ. என்பது 1 அங்குலம் என்று வைத்துக்கொண்டால் மாடி 240-க்கு 180 ஆகி, ஏ4 தாளில் படுக்கைவாக்கில் அடங்கிவிடுகிறது. 12 அங்குலப் பைக்கு 12 மி.மீ. வட்டம்.

முதல் நாள் வட்டத்தை காப்பி பேஸ்ட் செய்தே 36 பை வைத்தேன். மறுநாள், கத்தரிக்கு 15 அங்குலமாவது வேண்டும் என்று வீட்டில் முடிவானது. ஒவ்வொன்றாகப் பெரிதாக்க ஆரம்பித்து, எட்டாவது வட்டத்தில் வெறுத்துப்போய் எல்லாவற்றையும் அழித்தேன்.

இரண்டாவது முயற்சி, குளோன்: ஒரு மூல வட்டத்தோடு (தாய்) இணைந்தே இருக்கும் நகல், தாயை மாற்றினால் அதுவும் மாறும். ஆல்ட்+டி அழுத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் மூன்று முறை அழுத்தினேன். அப்புறம்தான் தெரிந்தது, நான்கு குளோன்களும் தாய் வட்டத்தின் தலையிலேயே உட்கார்ந்திருந்தன! ஒவ்வொன்றாக இழுத்து வைத்தேன். வரிசை முடிந்ததும் தாயைக் கொஞ்சம் நகர்த்தினால், தோட்டமே சேர்ந்து நகர்ந்தது. அமைப்புகளில் குளோன் பகுதிக்குப் போய், தாய் நகர்ந்தாலும் குளோன்கள் இருந்த இடத்திலேயே இருக்கும்படி மாற்றிய பிறகுதான் நிம்மதி.

அடுத்தது வண்ணம். தக்காளிக்குச் சிவப்பு என்று ஒரு குளோனுக்குக் கொடுத்தேன், மாறவே இல்லை. மென்பொருளில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டு படம் உள்ளுக்குள் வரிவரியாக எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று காட்டும் எக்ஸ்எம்எல் எடிட்டரைத் திறந்தேன். குளோனின் வரியில் ஆரமே கிடையாது. தாயின் அடையாளப் பெயர், எவ்வளவு தள்ளி நிற்கிறது என்ற கணக்கு, கூடவே நான் கொடுத்த சிவப்பு. சிவப்பு அங்கேதான் இருக்கிறது, திரையில்தான் வரவில்லை. தாய் தனக்கென்று ஒரு வண்ணம் வைத்திருக்கும்வரை குளோனின் வண்ணம் எடுபடாது.

வண்ணப் பலகத்தில் கேள்விக்குறி போட்ட ஒரு பொத்தான் உண்டு. இத்தனை நாள் அதை உதவிப் பொத்தான் என்றே நினைத்திருந்தேன். அது 'வண்ணம் எதுவும் சொல்லாதே' என்பதற்கானதாம். தாயைத் தேர்ந்தெடுத்து அதை அழுத்தியதும் தாய் கறுத்துவிட்டது, முன்பு சிவப்பு கொடுத்த குளோன் மட்டும் பளிச்சென்று சிவந்தது. அதன்பிறகு கத்தரிக்கு ஊதா, மிளகாய்க்குப் பச்சை என்று மளமளவென்று முடிந்தது. வெளிக்கோட்டை மட்டும் தாயிடமே சாம்பல் நிறத்தில் விட்டுவைத்தேன். அது எல்லாப் பைக்கும் ஒன்றுதானே.

கறிவேப்பிலைக்கு 24 அங்குலப் பை. ஒரு குளோனை இரண்டு மடங்காக இழுத்தேன், வெளிக்கோடும் இரண்டு மடங்கு தடித்துவிட்டது. குளோனுக்கென்று தனி ஆரம் இல்லை, மொத்த உருவத்தையும் சேர்த்துத்தான் இழுக்கிறது. சரி, அதற்கு மட்டும் தனி வட்டம்.

கடைசியாகத் தாயின் ஆரத்தை 6-லிருந்து 7.5 ஆக்கினேன். ஒரே எண், 36 பையும் ஒரே நொடியில் 15 அங்குலம். ஆனால் மையத்துக்கு மையம் 14 அங்குல இடைவெளியில் வைத்திருந்த மிளகாய் வரிசை முழுக்க ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றது. இடம் குளோனின் சொந்தக் கணக்கு, அதைத் தாய் திருத்தாது. அந்த வரிசையை மட்டும் இன்று இரவு கையால்தான் தள்ளி வைக்க வேண்டும்.